முன்னாடியே சொல்லியிருந்தால்

கர்நாடகத்தில் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி முதன்முறையாக வந்தது 2023 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில். அப்போது 80 வயதைத் தாண்டியவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உண்டு என்று சான்று வைத்திருப்பவர்களுக்கும் அந்த வசதி. தேர்தல் அலுவலர்கள், காவலர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழுவே வீடு தேடி வரும். கூடத்தின் ஒரு மூலையில் மறைப்பு வைத்து, சீட்டில் குறியிட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் தெருவையே பார்க்காத ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் 12டி படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே குறிப்பு விழுந்துவிடும். பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனாலும் அங்கே வாக்களிக்க முடியாது. மற்றவர்களுக்கு இப்படி எந்தக் கெடுவும் கிடையாது. வாக்குப்பதிவு நாளன்று காலையில் எழுந்து, காபி குடித்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கலாம். வெயில் தாழ்ந்ததும் போகலாம். கடைசி நாள் பிரசாரத்தைக் கேட்டு ஆளை மாற்றலாம். வரிசையில் பக்கத்து வீட்டுக்காரரோடு நின்று குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் புலம்பலாம். வீட்டிலிருந்து வாக்களிப்பவருக்கு வாக்கு இருக்கிறது. வாக்குப்பதிவு நாள் இல்லை.

இந்த வசதியைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வேறு வழியே கிடையாது. கேள்வி வேறு. வாக்குச்சாவடிக்கு வந்துவிடக்கூடியவர், வர விரும்புகிறவர், அங்கே படிகள் இருக்கும் என்ற ஒரே காரணத்தால் படிவத்தை நிரப்பினால், அரசு அவருக்கு ஒரு வசதி செய்து கொடுத்ததா? அல்லது ஒரு பள்ளிக்கூட வாசலைச் சரிசெய்யும் வேலையைத் தவிர்த்துக்கொண்டதா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும்.

சக்கர நாற்காலியில் வெளியே கிளம்பும் எவருக்கும் மனப்பாடமான ஒரு வாக்கியம் உண்டு: "முன்னாடியே சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்போமே." கல்யாண மண்டபத்தில், வங்கியில், திரையரங்கில், தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அது கேட்கும். சொல்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் உண்மையாகவே வருத்தப்படுகிறவர். நாலு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கிவிடவும் தயாராக இருப்பவர். அதனாலேயே அவருக்குப் பதில் சொல்வது கஷ்டமாகிவிடுகிறது. தூக்கப்படும்போது புடவை விலகும், தூக்குகிறவர் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் அன்போடு வந்து நிற்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

விருந்தாளி வருவதென்றால் முன்கூட்டித் தகவல் சொல்வது மரியாதை. வீட்டு ஆள் தன் வீட்டுக்குள் வர யாரிடமும் தகவல் சொல்வதில்லை. ஒரு நகரம் தன் குடிமக்களில் சிலரை விருந்தாளிகளாகவே வைத்திருக்கிறது என்பதுதான் இங்கே உள்ள அறச்சிக்கல். விருந்தாளியை நன்றாகக் கவனிக்கலாம், வாழை இலை போட்டுப் பரிமாறலாம். அவர் வீட்டு ஆளாகிவிட மாட்டார்.

விமானப் பயணத்தில் இந்த முன்தகவல் விதியாகவே இருக்கிறது. உதவி தேவைப்படும் பயணி 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒழுங்குமுறை. 2012 பிப்ரவரியில் ஜீஜா கோஷ் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குக் கிளம்பினார். மூளை முடக்குவாதம் உள்ளவர், உரிமைச் செயற்பாட்டாளர். போய்க்கொண்டிருந்ததே மாற்றுத்திறனாளிகள் குறித்த ஒரு மாநாட்டுக்கு. இருக்கையில் உட்கார்ந்த பிறகு ஸ்பைஸ்ஜெட் ஊழியர்கள் அவரை இறக்கிவிட்டார்கள். அவரால் பயணம் செய்ய முடியுமா என்பதை அவரைக் கேட்காமலேயே முடிவு செய்தார்கள். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. முன்தகவல் கேட்கும் பழக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி. தகவல் சொல்லு என்பது கொஞ்ச நாளில் அனுமதி கேள் என்று ஆகிவிடுகிறது.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது, அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பெங்களூரு சிக்பேட்டையின் சந்துகளில் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நகரத்தின் எலும்புக்கூடு இன்னும் இருக்கிறது. அங்கே எட்டுக்கு எட்டு அடிக் கடை வைத்திருப்பவரிடம் சாய்தளம் கட்டு என்றால் எங்கே கட்டுவார்? சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நாட்டிலேயே குறைவு. ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் ஒருவரை உட்காரவைக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதாவது 2.21 சதவீதம். நூற்றில் இரண்டு பேருக்காக மற்ற 98 பேரின் பணத்தைச் செலவழிப்பதா என்று வெளிப்படையாகக் கேட்பவர்கள் குறைவு, மனதுக்குள் கேட்பவர்கள் நிறைய. கேட்பது பாவமில்லை, பொதுப்பணம் அளவுள்ளது.

அரிதான வளங்களுக்கு முன்தகவல் கேட்பதில் தப்பில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். மருத்துவரைப் பார்க்க எல்லோரும்தான் நேரம் வாங்குகிறோம். ஆனால் நேரம் குறிப்பது வேறு, வாசலைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவது வேறு. எல்லோரிடமும் கேட்கப்படும் முன்தகவல் ஒழுங்கு. சிலரிடம் மட்டும் கேட்கப்படும் முன்தகவல் தரவரிசை. மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு நாள் அவகாசம் கேட்கிற அலுவலகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். கழிப்பறைக் கதவின் அகலத்துக்கு அவகாசம் கேட்கிற அலுவலகத்தை எதற்காகப் பொறுக்க வேண்டும்? கதவு ஒருமுறைதான் வைக்கப்படுகிறது.

அந்த 2.21 சதவீதக் கணக்கும் சந்தேகத்துக்குரியது. வெளியே வர முடியாதவர்கள் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததால் யாருக்காகக் கட்டுவது என்று கேட்கிறோம். கட்டாததால் அவர்கள் வெளியே வருவதில்லை. தவிர, படிக்கட்டும் ஓர் உதவிக் கருவிதான். முதல் மாடிக்கு ஒரே தாவாகத் தாவிப் போகும் கால் யாருக்கும் இல்லை. பெரும்பாலோரின் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்று பார்த்து, 15 சென்டிமீட்டருக்கு ஒரு படி என்று அவர்களுக்காகக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அந்தச் செலவை யாரும் சலுகை என்று கணக்கு எழுதுவதில்லை.

பேசிக்கொண்டே போகாமல் ஒரு நடைபாதையைப் பார்ப்போம். பெங்களூருவில் டெண்டர்ஷ்யூர் திட்டத்தின்படி செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை, கன்னிங்காம் சாலை போன்ற இடங்களில் பத்து ஆண்டுகளுக்கு முன்பு அகலமான நடைபாதைகள் போடப்பட்டன. சமதளம், குறைவான உயரம், சாலையில் இறங்கும் இடத்தில் சரிவு. நாட்டின் பல நகரங்கள் பொறாமைப்படக்கூடிய வேலை. ஆனால் சரிவு வைத்த இடத்தில் மோட்டார் சைக்கிளும் ஏறும். சிக்னலில் நெரிசல் அதிகமானால் பைக்குகள் நடைபாதையில் ஏறி ஓடுவது இந்த நகரத்தின் அன்றாடக் காட்சி. நடப்பவர்கள் முறையிட்டார்கள், நியாயமாகவே. அதற்குக் கண்ட வழி, நடைபாதை முனையில் குட்டையான கல்தூண்களும் இரும்புக் குழாய்களும் நடுவது. நகரின் பல பகுதிகளில் இவை முழங்கால் உயரத்தில் வரிசையாக நிற்கின்றன.

பைக்கின் கைப்பிடியும் சக்கர நாற்காலியும் ஏறக்குறைய ஒரே அகலம். சாதாரணச் சக்கர நாற்காலி ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் இருக்கும். கைகள் சக்கரத்தைத் தள்ள இரு பக்கமும் இடம் வேண்டும். பைக்கை நிறுத்தும் இடைவெளி நாற்காலியையும் நிறுத்தும். ஆக, சட்டத்தை மீறும் பைக்காரரைத் தடுக்க நட்ட தூண், எதையும் மீறாத ஒருவரை வண்டிகள் ஓடும் சாலைக்கு விரட்டுகிறது. பைக்காரர் அடுத்த கட்டட வாசலில் இருக்கும் கார் சரிவு வழியாக எப்படியும் ஏறிவிடுவார் என்பது வேறு கதை.

இங்கே யாரும் யாரையும் வெறுக்கவில்லை. பொறியாளர் நல்லெண்ணத்தோடுதான் தூண் நட்டார். பாதிக்கப்படுகிறவர் ஒருவர் அவர் திட்டம் போட்ட மேசையில் உட்கார்ந்திருந்தால் தூண்களை எவ்வளவு தள்ளி நட வேண்டும், எந்த இடத்தில் கோணலாக வழி விட வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் பேசி முடித்திருக்கலாம். ஒரே ஒருவர் போதாது என்பதையும் சொல்லவேண்டும். நாற்காலியில் வருபவருக்கு நடைபாதையும் சாலையும் ஒரே மட்டமாக இருப்பது சொர்க்கம். வெள்ளைக் குச்சியோடு வரும் பார்வையற்றவருக்கு அதே இடம் ஆபத்து, ஏனெனில் நடைபாதை எங்கே முடிகிறது என்று குச்சிக்குச் சொல்வது அந்த விளிம்புதான். அதற்காகப் பதிக்கும் புடைப்பு ஓடுகள் நாற்காலியின் சிறு சக்கரங்களை உலுக்குகின்றன. ஒருவர் தேவைக்கும் இன்னொருவர் தேவைக்கும் நடுவே பேரம் நடக்கத்தான் செய்யும். சமமான உறுப்பினர்களுக்குள் எப்போதும் நடப்பது அதுதான். அந்தப் பேரத்தில் இடம் கிடைப்பது, சலுகை கிடைப்பதைவிடப் பெரிய விஷயம்.

பேருந்தின் கதையும் இதேபோல. பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2006இல் வால்வோ பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. தாழ்தளம், அகலக் கதவு. குளிர்சாதனமும் அதற்கேற்ற கட்டணமும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கோ உயரமான படிகள். காலில் வலுவில்லாத ஒரு ஏழைத் தொழிலாளி, உயரம் குறைந்த படிக்காகக் குளிர்காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டியிருந்தது. குளிர்சாதனம் இல்லாத தாழ்தள மின்சாரப் பேருந்துகள் வரத் தொடங்க 2022 கடைசி ஆயிற்று. ஓட்டுநர் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தாமல் சாலை நடுவே நிறுத்தினால் அந்தத் தாழ்தளமும் வீண்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் ஏற்ற இந்தியா, 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 1995 சட்டத்தில் 7ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆயிற்று. விதிகள் அறிவிக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் இருக்கும் பொதுக்கட்டடங்கள் எல்லாவற்றையும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்றது அதன் 45ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன். 2022 ஜூன் வந்தது, போனது. எந்தக் கட்டடமும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. சட்டத்தை முதல்முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு சாய்தளத்துக்குக் கொத்தனார் கூலிகூட அதைவிட அதிகம்.

பார்வையற்ற வழக்காளி ராஜீவ் ரத்தூரி 2005இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த ஓட்டையைத்தான் தொட்டது. அணுகல் தரங்களைச் சட்டம் கட்டாயம் என்கிறது. ஆனால் அதன் கீழ் வந்த 15ஆவது விதி அவற்றை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவிட்டது என்று சுட்டிக்காட்டி, அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயத் தரங்களை 3 மாதங்களுக்குள் வகுக்கச் சொன்னது. வழிகாட்டுதல் என்றால் செய்தவருக்குப் புண்ணியம், செய்யாதவருக்குப் பாவமில்லை. கட்டாயம் என்றால் அது கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பவரை யாரும் வள்ளல் என்று மாலை போடுவதில்லை.

கடனைக் கடமைக்காகக் கழிப்பதும் உண்டு. சாய்தளத்துக்கான தரம், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படி, 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். தேர்தல் நாளில் பள்ளி வாசலில் போடும் பலகை பெரும்பாலும் அதில் கால்வாசிதான் இருக்கும். பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளாமல் அதில் ஏற முடியாது. இறங்கும்போது நாற்காலி குப்புறக் கவிழும். இருந்தாலும் அலுவலரின் படிவத்தில் 'சாய்தளம்: உண்டு' என்று டிக் விழுந்துவிடும்.

இந்த நகரத்தைப் பற்றி நல்லதும் சொல்ல நிறைய இருக்கிறது. தாமே மாற்றுத்திறனாளியான என். எஸ். ஹேமா 1959இல் இங்கே தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் லிங்கராஜபுரத்தில் இன்றும் இயங்குகிறது. தம்பியின் பார்வை மங்கியதும் அவருக்கு வேலைக் கதவுகள் மூடியதைப் பார்த்த சாந்தி ராகவன், கணவர் தீபேஷ் சுதாரியாவோடு 1999இல் எனேபிள் இந்தியா அமைப்பை ஆரம்பித்தார். ஊழியர்களில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகளாக உள்ள விந்தியா நிறுவனம் 2006இல் பிறந்தது. 2012 டிசம்பரில் பார்வையற்றோருக்கான முதல் டி20 உலகக் கோப்பை பெங்களூருவில் நடந்து, இறுதிப் போட்டியில் இந்தியா பாகிஸ்தானை வென்றது. அந்த ஆட்டத்தில் பந்துக்குள் மணிகள் கிலுகிலுக்கும்; பந்தைத் தரையோடு உருட்டி வீசுவார்கள்; முழுப் பார்வையின்மை கொண்ட பி1 பிரிவு ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் இரண்டு ரன் கணக்கு. மைதானத்தில் யாரும் அதை இரக்கமாக நினைப்பதில்லை. ஆட்டம் அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வேண்டுமானால் எதிரணி ரன்னைத் தடுத்துக்கொள்ளட்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெங்களூருவின் நிறுவனங்கள் ஒரு வாதத்தை அடிக்கடி வைக்கின்றன: மாற்றுத்திறனாளி ஊழியர்கள் வேலையை விட்டு ஓடமாட்டார்கள், கவனம் சிதறாது, ஆகவே லாபம். மனிதவள அதிகாரியைச் சம்மதிக்கவைக்க இது உதவும். அறமாகப் பார்த்தால் வழுக்கும் தரை. ஓடமாட்டார்கள் என்பதற்கு ஒரு காரணம், ஓடிப்போக வேறு இடம் இல்லாததுதான். லாபம் தருவதால் சேர்க்கிறோம் என்றால் தராதவரை என்ன செய்வது? ஒரு வேலையும் செய்ய இயலாத, பேச்சும் வராத, வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படுகிறவரும் சமமான உறுப்பினரா? சமத்துவம் என்ற சொல் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடு கொண்ட மகளை வளர்த்த அமெரிக்கத் தத்துவவாதி ஈவா கிட்டேய் இந்தக் கேள்வியை வைத்தே நீதிக் கோட்பாடுகளைக் குடைந்தார். குழந்தையாக, நோயாளியாக, முதியவராக எல்லோரும் பிறர் கையில் கிடக்கும் காலம் உண்டு. சுயமாக நிற்கும் நடுவயதுக்காரரை மட்டும் வைத்துச் சமூக ஒப்பந்தம் எழுதினால் கணக்கு தப்பும் என்பது அவர் நிலைப்பாடு. நம் சட்டம் இந்த இடத்தில் தயங்குகிறது. சித்த சுவாதீனம் அற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாது என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பணத்தையும் பதவியையும் பார்த்து வாக்குரிமை தராத ஒரு நாடு, அறிவின் அளவைப் பார்த்து அதைப் பறிப்பது எப்படி என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் இதுவரை வந்ததாகத் தெரியவில்லை.

எதிர்முனையில் இருப்பது சாதனை புரிபவர். கர்நாடக அரசின் மாற்றுத்திறனாளிகள் ஆணையராக இருந்த கே. எஸ். ராஜண்ணா, கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ தாக்கியவர். 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். குடியரசுத் தலைவர் மாளிகையில் அவர் தாமாகவே நகர்ந்து சென்று விருது வாங்கிய காட்சியைப் பார்த்து நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மரியாதை இருந்தது. கூடவே ஓர் ஆபத்தும் இருந்தது: அவரால் முடிந்ததே, உனக்கு என்ன? உறுப்புக் குறை யாருக்கும் பழியில்லை, முயற்சி இல்லாததே பழி என்று திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்துக்கு உரை சொல்வோர் உண்டு. அந்த வாக்கைக் குறைபாடு உள்ளவரிடம் மட்டும் ஓதுகிறோம். மாநகராட்சியின் பொறியியல் பிரிவிடமும் ஓதலாம்.

2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில், காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு வாதாடினார். பெங்களூருவில் சட்டம் படித்தவர். நீதிபதி நாகபிரசன்னா பாராட்டினார், நாளிதழ்கள் 'முதன்முறை' என்று எழுதின. எல்லாம் சரியே. கவனிக்கவேண்டியது, அது மாற்றுத்திறனாளிகள் உரிமை வழக்கு இல்லை. கணவன் மனைவி தகராறிலிருந்து கிளம்பிய சாதாரண வழக்கு. கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் தேவைப்பட்டார், அவர் வந்து வாதாடினார். இந்தச் சாதாரணத்தன்மைதான் அரிது.

தமிழ்நாடு 2025இல் ஒரு காரியம் செய்தது. ஊராட்சிகள் முதல் மாநகராட்சிகள் வரை உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர் என்று அரசு கணக்குச் சொன்னது. தூண் நடும் மேசையில் ஒரு நாற்காலி. நியமனம் என்பதால் இதிலும் விருந்தாளி வாடை இருக்கிறது. யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு உள்ளே விட வேண்டும், அந்த யாரோ ஒருவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. என்றாலும் மன்றத்துக்குள் நுழைந்தவர் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று எல்லாவற்றிலும் வாய் திறக்கலாம். தன் குறைபாட்டைப் பற்றி மட்டும் பேசவேண்டிய கட்டாயம் இல்லை.

பெங்களூருவிலோ மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் நடைபாதைத் தூணைப் பற்றி முறையிட வார்டு உறுப்பினர் யாருக்கும் இருக்கவில்லை, கால் உள்ளவருக்கும் இருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நகரம் எல்லோரையும் சமமாகத்தான் நடத்தியது. தேர்தல் வரும்போது சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பொது வார்டில் வேட்பாளராக நின்று, குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசி, சாதிக் கணக்கிலோ கட்சிக் கணக்கிலோ தோற்றும் போகட்டும். வேட்புமனு வாங்கும் அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதே யாராவது பார்த்து வைக்கலாம்.